எரியாத விளக்கை அணைத்த கதை

ஒரு காட்டில் ராஜா கிடையாது. முன்பு ஒரு சிங்கம் இருந்தது. பல்லெல்லாம் கொட்டிய பிறகு அது ஓய்வூதியம் எழுதி வாங்கிக்கொண்டு பாறை மேல் போய்ப் படுத்துவிட்டது. அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து, வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு, ஓர் ஊராட்சியை உண்டாக்கிக்கொண்டார்கள். காட்டுப்பன்றியார் தலைவராக ஜெயித்தார். கழுத்தில் போட்ட மாலை வாடுவதற்குள் காடு முழுக்கத் தெருவிளக்கு போட்டுவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, கம்பமெல்லாம் நல்ல கம்பம்தான். தலைவர் படுத்துப் புரளும் சேற்றுக்குட்டைக்கு மட்டும் ஹைமாஸ் விளக்கு. மற்ற தெருக்களுக்குக் கம்பத்துக்கு ஒரு பல்பு. சுவிட்சைக் கீழே வைத்தால் குரங்குகள் கை வைக்கும் என்று யோசித்து, அதைக் கம்பத்தின் உச்சியில் வைத்தார்கள். இது யாருடைய யோசனை என்பதை இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மரமேறத் தெரிந்தவர்கள் இருக்கிற தெருக்களில் கவலை இல்லை. அந்தி சாய்ந்ததும் அணில்கள் ஏறி விளக்கைப் போடும், விடிந்ததும் அணைக்கும். தரைத்தெருவில்தான் சிக்கல். அங்கே இருப்பவர்கள் எல்லாம் தரையோடு தரையாகப் பிழைக்கிறவர்கள். முயல், ஆமை, கௌதாரி, இப்படி. அதனால் அந்தத் தெருவுக்கு மட்டும் தேவாங்கை லைன்மேனாகப் போட்டார்கள். தேவாங்கு தங்கமான பையன். மரமேறுவதில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. என்ன, காலையில் ஏறத் தொடங்கினால் உச்சிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலமாகிவிடும்.

தரைத்தெருவின் கோடியில், ஓடைக்கரைத் திருப்பத்தில், ஒரு காரைப் புதருக்குள் செல்லாயி என்ற கௌதாரி குடியிருந்தாள். நடக்கத் தெரிந்த குஞ்சுகள் ஆறு; வயிற்றுக்கடியில் அடுத்த ஈட்டு முட்டைகள். இத்தனைக்கும் நடுவில் வீட்டைக் கூட்டி, புழு சேர்த்து, புருஷன் சடையனையும் வைத்துக் காலம் தள்ளினாள். சிரித்த முகம். ஒரு வேலையை நினைத்தால் முடிக்காமல் விடமாட்டாள்.

அவள் புதருக்கு எதிரே இருந்த கம்பத்தில்தான் பல்பு போய்விட்டது. பல்பு போனது கூடப் பெரிதில்லை. அந்தக் கம்பத்தின் காலடியில் ஒரு குழி இருந்தது. பழைய கம்பம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பக்கத்தில் புதுசாக ஒன்று நடலாம் என்று ஊராட்சிதான் தோண்டியது. குழி வந்தது. கம்பம் வரவில்லை.

குஞ்சுகள் ஆறும் தினமும் கரையான் புற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கிளறப் படித்துக்கொண்டிருந்தன. கரையான் பொழுது சாய்ந்துதான் வெளியே வரும். ஆகவே பள்ளிக்கூடமும் பொழுது சாய்ந்துதான் விடும். கௌதாரிக்கு அந்தி விழுந்தால் கண் மங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். செல்லாயி போய்க் கூட்டி வரலாம் என்றால், பகலில் முட்டைகளை வெயில் பார்த்துக்கொள்ளும், அந்திக்கு மேல் அவள் உட்கார்ந்தே ஆக வேண்டும். சடையனைக் கேட்டால், "எனக்கே கண்ணு தெரியாது புள்ள. நானும் போனா குழியில விழறதுல ஒண்ணு கூடும், அவ்வளவுதான்" என்றான். அதுவும் நியாயம்தான்.

சரி, குழியையாவது மூடுவோம் என்று அவள் சருகும் சுள்ளியுமாக இழுத்துப் போட்டுப் பார்த்தாள். மறுநாளே தேவாங்கு வந்து எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுவிட்டு, "தப்பா நினைக்காதீங்க அக்கா. குழி ஊராட்சிச் சொத்து. மூடினா கேஸாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குட்டி சுண்டு அதில் விழுந்தான். காய்ந்த குழி என்பதால் தப்பினான். கோவைக்கொடியை உள்ளே விட்டு, அலகால் கவ்விக்கொள்ளச் சொல்லி, அம்மாவும் அப்பாவும் இழுத்து வெளியே போட்டார்கள். சுண்டு இறகை உதறிவிட்டு, "அம்மா, உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்குதும்மா" என்றான்.

செல்லாயி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த குழியில் விழுந்த பிள்ளையைக் கொடி விட்டு இழுக்கலாம். ஒரு மழை பெய்து, குழி நிறையத் தண்ணீர் நின்று, அதில் விழுந்தால்?

விடிந்ததும் ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள்.

அலுவலகத்தில் ஆமைகள் இரண்டு அவளுக்கு முன்னால் நின்றன. வரிசை ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது, ஆனால் அதற்கு ஆமைகள் காரணமில்லை. உள்ளே உடும்பார் உட்கார்ந்திருந்தார். அவர்தான் செயலர். நாற்காலியை ஒரு தடவை பிடித்தால் விடமாட்டார். பிடித்துப் பல வருஷமாகிவிட்டது.

"என்னம்மிணி?"

"எங்க தெருக்கோடிக் கம்பத்துல லைட்டு எரியலைங்க."

"எரியலைன்னு எப்படிச் சொல்றே?"

"இருட்டா இருக்குதுங்களே."

"இருட்டு வேற, லைட்டு எரியாதது வேற. இருட்டு வானத்துலேர்ந்து வர்றது. அது நம்ம ஊராட்சி எல்லைக்குள்ள வராது."

"அப்ப லைட்டு எரியலைன்னே வெச்சுக்கங்க. பக்கத்துல ஒரு குழி வேற இருக்குது. என் பையன் விழுந்துட்டான்."

உடும்பார் நாக்கை ஒரு முறை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். "குழியா? நம்ம ஊராட்சியில குழியே கிடையாதே. எந்த இடம்?"

"ஓடைக்கரைத் திருப்பத்துல, கம்பத்தடியில."

"ஓ, அதுவா. அது குழி இல்லை அம்மிணி. பாதி முடிஞ்ச கம்பம்."

செல்லாயிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் மனுவை வாங்கமாட்டார்.

"சரி, போ. விளக்கு மேற்பார்வையாளர் வந்து பார்த்துட்டு எழுதித் தருவார். அவர் எழுதினா தேவாங்கு பல்பு மாத்துவான். அவர் எழுதாம ஒரு பல்பையும் தொட முடியாது."

அந்த மேற்பார்வையாளர் ஆந்தையார். காட்டிலேயே அதிகம் படித்தவர், அதனால் விளக்குத் துறையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். நேர்மையானவர் என்றும் பெயர். தன் கண்ணால் பார்க்காத எதையும் எழுதமாட்டார்.

சொன்னபடி அன்று அந்தி மயங்கியதும் வந்து, செத்த விளக்கின் மேலேயே உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் ஒரு தடவை தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா குறை இங்கே?"

செல்லாயி புதருக்குள் முட்டை மேல் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள். "வெளிச்சம் இல்லைங்கய்யா."

"வெளிச்சம் இல்லையா? அதோ அந்த வேலிக்கு அந்தாண்ட ஒரு கட்டெறும்பு போகுது. இடது பின்னங்கால் லேசா நொண்டுது. எனக்குத் தெளிவாத் தெரியுது. வெளிச்சம் இல்லாமலா தெரியும்?"

"அய்யா, உங்க கண்ணு அப்படி! எங்க கண்ணுக்கு நீங்க உட்கார்ந்திருக்கறதே தெரியலைங்க. குரலை வெச்சுத்தான் பேசிட்டிருக்கேன்."

"ஆளாளுக்கு ஒரு கண்ணு வெச்சுக்கிட்டு இருந்தா ஊராட்சி நடத்த முடியுமாம்மா? அரசாங்கத்துக்கு ஒரு கண்ணுதான். அது என் கண்ணு."

'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. வெளிச்சம் போதுமானது, சற்று அதிகமென்றும் கூறலாம்' என்று எழுதிவிட்டுப் பறந்துபோனார். கரைமேல் நின்று அந்திக்கூவல் கூவிக்கொண்டிருந்த சடையன் இறங்கி வந்து, "ஆந்தை வந்துட்டுப் போயிட்டாரா? சத்தமே கேக்கலையே" என்றான்.

"நீங்க போட்ட சத்தத்துல இடி விழுந்தாலும் கேக்காது."

"நான் நாளைக்கு ஆபீஸு முன்னால போய் நின்னு ஒரு கூவு கூவறேன் பாரு. பல்பு தானா வரும்."

போனான், கூவினான். உடும்பார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, விடிந்து வெகுநேரமாகியும் விடிந்துவிட்டதாகக் கூவுவது பொதுமக்களைக் குழப்பும் செயல் என்று எச்சரித்து அனுப்பினார்.

செல்லாயி திரும்பவும் வரிசையில் நின்றாள்.

"அய்யா, கோவிச்சுக்காதீங்க. ஆந்தையாரைத் தவிர வேற யாரையாச்சும் அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க."

"பகல் ஆய்வு வேணுங்கறியா? தாராளமா. நாளைக்கே தேவாங்கு வருவான். ஆனா அவன் பார்க்கத்தான் வருவான். மாத்தறதுக்கு இல்லை."

மறுநாள் சுள்ளென்று வெயில் அடிக்கும்போது தேவாங்கு வந்தான். பெரிய பெரிய கண்களைத் தேய்த்துக்கொண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்தான்.

"எரியலைதான் அக்கா."

"அப்பாடா! அதைத்தான் நானும் சொல்றேன்."

"இருங்க, அவசரப்படாதீங்க. வர்ற வழியில எல்லாக் கம்பத்தையும் பார்த்துட்டுத்தான் வந்தேன். காட்டுல ஒரு விளக்கும் எரியலை. இதுவும் எரியலை. எல்லாம் ஒரே மாதிரி ஒழுங்காத்தான் இருக்கு. உங்களுது மட்டும் கெட்டுப்போச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"பகல்ல எவன்டா லைட்டுப் போடுவான்?"

"அதான் அக்கா நானும் சொல்றேன். பகல்ல எரியக் கூடாது. இது எரியலை. உங்க கம்பம் சட்டப்படி நடந்துக்குது."

செல்லாயி ஒரு மண்ணாங்கட்டியைக் காலால் எத்தினாள். அது நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது. தேவாங்கு குழியை எட்டிப் பார்த்து, ஊராட்சிச் சொத்துக்குள் மண் விழுந்ததைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த மட்டுக்கும் நல்ல பையன்.

அன்றிலிருந்து அந்தி நேரம் என்றால் செல்லாயிக்கு உயிர் போய் உயிர் வந்தது. புதருக்குள் உட்கார்ந்து, "கம்பத்துக்கு இந்தப் பக்கமா வாங்க கண்ணுகளா! என் குரலைப் பிடிச்சுக்கிட்டு வாங்க!" என்று தொண்டை வறளக் கத்துவாள். ஒவ்வொன்றாக இறகு உரசி உள்ளே நுழைந்த பிறகுதான் மூச்சு விடுவாள். சுண்டு மட்டும் வழியில் எதையாவது கொத்திக்கொண்டு கடைசியாக வருவான். மேகம் தினமும் ஒரு அடுக்கு கூடிக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில் தலைவர் வீட்டுப் பக்கம் ஒரு சம்பவம் நடந்தது. அங்கே விளக்குப் போடுகிற அணில்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய், விருந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டன. விடிந்த பிறகும் ஹைமாஸ் விளக்கு ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. செல்லாயி அப்போது பக்கத்துக் கொல்லையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மைனா ஒன்று மேலே பறந்து போனது. காட்டுக்குச் செய்தி சொல்வது அந்த மைனாதான்.

"பட்டப்பகலில் விளக்கு! பட்டப்பகலில் விளக்கு! மின்சாரம் வீண்! மின்சாரம் வீண்!"

அவ்வளவுதான். செல்லாயி தலை நிமிர்வதற்குள் காடே அந்த இடத்தில் கூடிவிட்டது. உடும்பார் ஓடி வந்தார். நாற்காலியை விட மனமில்லாமல் அதோடு சேர்ந்தே வந்தார். ஆந்தையாரைத் தூக்கத்திலிருந்து இழுத்து வந்தார்கள். சேற்றுக்குள்ளிருந்து தலைவர் எழுந்து நின்று, இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று பேட்டி கொடுத்தார். அணில்களுக்கு விளக்கம் கேட்டு ஓலை போனது. மேலிடத்திலிருந்து ஒரு கழுகு வந்து வட்டமடித்துப் பார்த்துவிட்டுக்கூடப் போனது. வெயில் ஏறுவதற்குள் விளக்கு அணைந்தது.

செல்லாயி வாயில் இருந்த புழுவை விழுங்காமலே நின்றாள்.

'அட, இருட்டுல எரியாத விளக்குக்கு ஒரு ஈ காக்கா வரலை. வெளிச்சத்துல எரியற விளக்குக்கு இத்தனை பேரா!'

புழுவை விழுங்கினாள். அலுவலகம் திறக்கிற நேரத்துக்கு வாசலில் நின்றாள். அன்றைக்கு வானம் கருகருவென்று தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் கொட்டிவிடும் என்று பார்த்தாலே தெரிந்தது.

"மறுபடியும் என்னம்மிணி? எரியலைன்னு சொல்ல வந்தியா?"

"இல்லைங்கய்யா. எரியுதுங்க."

"நல்லது."

"பகல்லயும் எரியுதுங்க."

உடும்பாரின் வால் விறைத்தது. "எப்ப இருந்து?"

"அதை ஏன் கேக்கறீங்க. மைனா இன்னும் எங்க தெருப்பக்கம் வரலை. வந்தா என்ன சொல்லுமோ தெரியாது."

செல்லாயி பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று படித்தவள்தான். நல்ல மார்க்குக்கூட வாங்கியவள். ஆனால் அந்தப் பாடத்தில் குழி எதுவும் வரவில்லை.

கண் மூடித் திறப்பதற்குள் உடும்பார் நாற்காலியோடு தரைத்தெருவில் நின்றார். கையில் போட்டோ எடுக்கிற போன். இரண்டு காக்கைகள் ஆந்தையாரை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு வந்தன. தேவாங்கையும் எழுப்பிவிட்டார்கள்.

உடும்பார் அண்ணாந்து பார்த்தார். கம்பத்தில் விளக்கு, மின்மினி அளவுகூட வெளிச்சம் காட்டாமல், கருத்துப்போய்த் தொங்கியது.

"எரியலை போல இருக்கே?" என்றார் நிம்மதியாக.

"மேற்பார்வையாளர் சொல்லட்டுங்க. அவரு கண்ணுதானே அரசாங்கக் கண்ணு?" என்றாள் செல்லாயி.

ஆந்தையார் கம்பத்தை நோக்கி முகத்தைத் திருப்பினார். மேகம் மூடியிருந்தாலும் அது பகல். அவருக்கு இமையைப் பாதி திறந்ததற்கே கண் கூசிக் கண்ணீர் கொட்டியது.

"ஐயோ, என்ன வெளிச்சம்! என்ன வெளிச்சம்! கண்ணைக் குத்துதே! எவன் இத்தனை பெரிய பல்பைப் போட்டது? எழுதுங்க! விளக்கு எரிகிறது. வரம்பு மீறி எரிகிறது!"

நேர்மையான அதிகாரி. பார்த்ததைத்தான் எழுதுவார். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை. விளக்கு எரிகிறது என்று ஆகிவிட்டது. உடும்பார் திரும்பினார். "தேவாங்கு! ஏறி அணை!"

"அய்யா, எரியாததை எப்படிங்க அணைக்கறது?"

"எரியுதுன்னு எழுதியாச்சுடா."

"அப்ப அணைச்சாச்சுன்னும் எழுதிடுங்க."

"எழுதினா மட்டும் போதுமா? போட்டோ கேப்பாங்க. அணைக்கறதுக்கு முன்னால எரியற மாதிரி ஒண்ணு, அணைச்ச பிறகு ஒண்ணு. ரெண்டும் போகலைன்னா புகார் முடியாது. புகார் முடியலைன்னா மைனா வரும். மைனா வந்தா கழுகு வரும்." உடும்பார் வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நீ முதல்ல அதை எரிய வை. அப்புறம் அணை."

"பல்பு போயிடுச்சுங்களே."

"புதுசு போடு!"

"புது பல்புக்கு ஒதுக்கீடு இல்லைன்னு நீங்கதானே..."

"எரிய வைக்கத்தான்டா ஒதுக்கீடு இல்லை. அணைக்கறதுக்கு மின்சிக்கனத் திட்டத்துல எக்கச்சக்கமா கிடக்கு. இது அணைக்கிற வேலைக்கான பல்பு. போ, நல்லதாப் பார்த்து எடுத்துக்கிட்டு ஏறு. போட்டோவுல பளிச்சுன்னு விழணும்."

செல்லாயி புதருக்குள் ஓடிப் போய், அலகை இறகுக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சடையன் பயந்துபோய், "ஏ புள்ள, அழுவறியா?" என்றான்.

தேவாங்கு பல்பை வாயில் கவ்விக்கொண்டு ஏறத் தொடங்கினான். ஒரு கை. அப்புறம் யோசித்து இன்னொரு கை. உடும்பார் கீழே நின்று, "சீக்கிரம்டா, சீக்கிரம்டா" என்று கத்தினார். பிறகு உட்கார்ந்தார். பிறகு தூங்கினார். வானம் இன்னும் கருத்தது. செல்லாயி ஒரு கண்ணால் கம்பத்தையும் ஒரு கண்ணால் மேகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எது முந்தும் என்று தெரியவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இடி உருண்டது. முதல் சொட்டு விழுந்தது.

"தம்பி, கொஞ்சம் வேகமா ஏறேன்டா!"

வாயில் பல்பு இருந்ததால் தேவாங்கு பதில் சொல்லவில்லை. ஒரு கையை எடுத்துப் பத்திரமாக மேலே வைத்தான்.

மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. குழிக்குள் தண்ணீர் சலசலவென்று இறங்குவது புதருக்குள் கேட்டது. அரைக் குழி, முக்கால் குழி, அப்புறம் வழிந்தது. மழை விட்டு மேகம் விலகி, வானத்தில் கொஞ்சம் பகல் மிச்சமிருந்தபோது தேவாங்கு உச்சியை அடைந்தான். பல்பை மாட்டினான். சுவிட்சைத் தட்டினான்.

பளிச்!

தெருவே வெள்ளையாகிவிட்டது. உடும்பார் துள்ளி எழுந்து போட்டோ எடுத்தார். "அருமை! எரியற போட்டோ ஆச்சு. இப்ப அண..."

அலுவலகத்து மணி அடித்தது. ஐந்து மணி.

உடும்பார் வாயை மூடிக்கொண்டார். நாற்காலியைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்பினார்.

"அய்யா, அணைக்கட்டுங்களா?" என்று மேலேயிருந்து தேவாங்கு கேட்டான்.

"ஆபீஸ் நேரம் முடிஞ்சுபோச்சு. அதிகாரி இல்லாம ஊராட்சி விளக்குல கை வைக்கிறது குத்தம். நாளைக்கு வந்து அணைச்சுக்கலாம். நீ அங்கேயே இரு, இறங்கி ஏறினா நாளைக்கும் முடியாது."

அவர் போனார். தேவாங்கு கம்பத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனான். அந்தி விழுந்தது.

செல்லாயி முட்டை மேல் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி வெளியே பார்த்தாள். இன்றைக்கு அவள் கத்தவில்லை. விளக்கு வெளிச்சத்தில் குழித் தண்ணீர் தகரம் மாதிரி மின்னிக்கொண்டு, நான் இங்கே இருக்கிறேன் என்று தானே சொன்னது. வெளிச்சத்தின் ஓரத்தில் மூத்தவள் முகம் தெரிந்தது. நின்றாள். குழியைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் பின்னாலேயே இன்னொன்று. இன்னொன்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதைச் செல்லாயி கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எப்படி ஆடி ஆடி நடக்குதுகள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுண்டுவைக் காணவில்லை.

"சுண்டு எங்கடீ?"

"பின்னால வந்தான்மா."

செல்லாயி முட்டையை விட்டு எழுந்தேவிட்டாள். வெளியே வந்து பார்த்தால், மழை விட்ட ஈரத்தில் ஈசல் புறப்பட்டு, பொன்னும் பொடியுமாகப் பல்பைச் சுற்றிக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, குழிக்கு எட்டிய தூரத்தில், சுண்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். கொத்தக்கூட இல்லை. அது பாட்டுக்கு வாயில் வந்து விழுந்தது.

"அம்மா! மேல இருந்து சோறு கொட்டுதும்மா!"

அதைக் கேட்டு மற்ற ஐந்தும் திரும்ப ஓடின. சடையனும் கூவலைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி ஓடினான். முயல்களும் ஆமைகளும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். தரைத்தெருவில் அந்தி நேரத்தில் யாரும் யாரையும் முகம் பார்த்துப் பேசி வெகு நாளாகிவிட்டது. ஒரு முயல் இன்னொரு முயலைப் பார்த்து, "நீ இவ்வளவு இளைச்சுட்டியா!" என்றது.

விடிந்தது. விளக்கு இப்போது நிஜமாகவே பகலில் எரிந்துகொண்டிருந்தது. உடும்பார் வந்து, அணைக்கச் சொல்லி, அணைத்த போட்டோவையும் எடுத்து, புகார் தீர்ந்தது என்று முடித்துவிட்டுப் போனார்.

தேவாங்கு கம்பத்தோடு சறுக்கி இறங்கி வந்ததும் செல்லாயி கேட்டாள். "தம்பி, சாயங்காலம் வந்து போட்டுடுவேல்ல? உன் வேலைதானே?"

"ஐயையோ! அணைச்சாச்சுன்னு மேலிடத்துக்கு எழுதின விளக்கு அக்கா அது. அதை நான் போட்டேன்னா என் வேலை போயிடும். அது இனி எரியணும்னா, அணைக்கறதுக்காகத்தான் எரிய முடியும்."

செல்லாயி நேராக அலுவலகத்துக்குப் போனாள். "அய்யா, மறுபடியும் பகல்ல எரியுதுங்க."

காக்கைகள் ஆந்தையாரைத் தூக்கி வந்தன. ஆந்தையார் கண்ணைத் திறந்தார். "ஐயோ, என்ன வெளிச்சம்!"

அன்றும் தேவாங்கு ஏறினான். அன்றும் ஐந்து மணி அடித்தது. அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. காலையில் செல்லாயி புகார் கொடுப்பாள், சாயங்காலம் விளக்கு எரியும், மறுநாள் காலை அணையும். வந்த அன்றே கவனிக்கப்பட்ட புகார்கள் அதிகம் உள்ள ஊராட்சி என்று மேலிடம் பாராட்டியது. ஒரே கம்பத்தில் தினமும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் தலைவர் என்று காட்டுப்பன்றியாருக்குக் கேடயம் வந்தது. குழி இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் தெரிகிற குழி. அடுத்த ஈட்டுக் குஞ்சுகளும் பொரிந்து, அதைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டன.

ஒரு நாள் சாயங்காலம் அந்த விளக்கடியில் முள்ளம்பன்றி ஒருவர் வந்து உட்கார்ந்தார். பக்கத்துத் தெருக்காரர், கணக்குப்பிள்ளையாக இருந்தவர், பொய்யே வாயில் வராது. தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, மையில் தொட்டு, முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னங்கண்ணா எழுதறீங்க?"

"மனு அம்மிணி. எங்க தெருவுல பல்பு போயி ரொம்ப நாளாச்சு. 'விளக்கு எரியவில்லை, ஆவன செய்யவும்'னு தெளிவா எழுதறேன். வீட்டுல இருட்டு, அதான் இங்க வந்தேன்."

செல்லாயி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. 'பகல்லயும் எரியுது'ன்னு எழுதுங்க. நாளைக்கே வருவாங்க."

முள்ளம்பன்றிக்கு முதுகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "எரியாததை எரியுதுன்னு எழுதறதா? என்ன பேச்சு பேசறே! என் உசுரே போனாலும் நடந்ததைத்தான் எழுதுவேன்."

"சரிங்கண்ணா, எழுதுங்க" என்றாள் செல்லாயி, சுண்டுவை இழுத்து அவன் அலகில் ஒட்டியிருந்த ஈசல் சிறகைத் துடைத்துவிட்டபடி. "உண்மையை எழுதறதுக்கு நேரம் பிடிக்கும். விடியறதுக்குள்ள முடிச்சிடுங்க. காலையில அணைக்க வந்துடுவாங்க."

நீதி: இல்லை என்று அழுகிறவனுக்கு வரிசைதான் கிடைக்கும். அதிகமாக இருக்கிறது என்று புகார் கொடு. பிடுங்குவதற்காகவாவது முதலில் கொண்டுவந்து கொடுப்பார்கள்.